பிஸ்கட் டப்பாவில் கிடந்த சீனக் காசுகள்: அசலா, போலியா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதம் இது. பினாங்கில் கணக்கப்பிள்ளையாக இருந்த உங்கள் தாத்தா 1950-களில் ஊர் திரும்பியபோது கொண்டுவந்த பிஸ்கட் டப்பாவில் பதினான்கு ஓட்டைக் காசு, ஒரு வெள்ளி நாணயம், கத்தி வடிவத்தில் ஒன்று இருக்கின்றன. ஒரு கடைக்காரர் "எல்லாமே டூப்ளிகேட்" என்று தள்ளிவிட்டார். இன்னொருவர் வெள்ளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு லட்சத்தில் பேசினார். இருவரில் யார் சொன்னது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பேருமே தவறு என்பது என் கணிப்பு. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, ஒரு சீனக் காசைக் கையில் வைத்துக்கொண்டு எதை நம்பி அசல் என்று சொல்வது என்பதுதான். அதற்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்லப்போகிறேன்.

நான் இருபத்திரண்டு வருடமாகச் சேர்க்கிறேன். அதில் ஒன்பது வருடம் பினாங்கில்தான் வேலை. சீன மொழி பேச வராது. காசில் வரும் எழுத்துகளை மட்டும் படம் பிடித்ததுபோல் மனதில் வைத்திருக்கிறேன். தாங், சொங் என்ற பழைய அரச வம்சங்களின் காலத்துக் காசுகள், கடைசி வம்சமான சிங் காலத்துக் காசுகள், குடியரசுக் கால வெள்ளி, இந்த மூன்றில் துணிந்து சொல்வேன். கத்திக் காசு, மண்வெட்டிக் காசு என் எல்லைக்கு வெளியே. உங்கள் டப்பாவில் இருக்கும் கத்தியைப் பற்றிக் கடைசியில் இரண்டு வரிதான் சொல்ல முடியும்.

எல்லாரும் "அசலா" என்றுதான் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் "இது என்ன" என்ற கேள்வி இருக்கிறது. அதைத் தாண்டாமல் முதலாவதற்குப் பதிலே கிடையாது. சதுர ஓட்டை போட்ட வட்டக் காசை சீனா மட்டும் வார்க்கவில்லை. ஜப்பான், கொரியா, வியட்நாம் எல்லாம் அதே உருவில், அதே சீன எழுத்தில் வார்த்தன. முதலில் காசை நேராகப் பிடிக்க வேண்டும். நான்கு எழுத்துக் காசில் பெரும்பாலும் ஓட்டைக்கு இடப்பக்கம் வருவது "பாவ்" என்ற எழுத்து. தலையில் ஒரு கூரை, நடுவில் நெரிசல், அடியில் கட்டம் போட்ட பெட்டிக்கு இரண்டு குட்டைக் கால் முளைத்ததுபோல் இருக்கும். பொக்கிஷம் என்று பொருள். அந்தப் பெட்டிபோன்ற பகுதி சோழியைக் குறிக்கும் எழுத்து. ஒரு காலத்தில் சோழிதான் அங்கே காசு. மேல், கீழ், வலம், இடம் என்று படித்தாலும், மேலிருந்து கடிகாரச் சுற்றாகப் படித்தாலும் பாவ் இடப்பக்கம்தான் விழும். அதை இடப்பக்கம் வைத்துவிட்டால் மேலே இருப்பது அநேகமாக ஆட்சிப் பெயரின், அதாவது பேரரசர் தன் ஆட்சிக் காலத்துக்குச் சூட்டிய பெயரின், முதல் எழுத்து. அதற்குமேல் பட்டியலோடு ஒப்பிட வேண்டியதுதான், குறுக்கு வழி இல்லை.

நாலெழுத்து இல்லாமல் இரண்டே எழுத்து இருந்தால் பழைய காசாக இருக்கலாம். வலப்பக்கம் உடுக்கையை நிறுத்தி வைத்ததுபோல் ஓர் எழுத்து தெரிந்தால் அது வூ ஜூ. ஹான் பேரரசர் வூ கி.மு. 118-இல் தொடங்கியது, கி.பி. 621 வரை, எழுநூறு வருடத்துக்கு மேல், வெவ்வேறு அரசுகள் அதே பெயரில் வார்த்துக்கொண்டே இருந்தன. 621-இல் தாங் வம்சம் கையுவான் தொங்பாவ் என்ற காசைக் கொண்டுவந்தது. ஓயாங் ஷுன் என்ற கையெழுத்துக் கலைஞர் எழுதிக்கொடுத்த எழுத்து. ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் அகலம், நான்கு கிராம் எடை. பின்னால் வந்த ஆயிரத்து இருநூறு வருடக் காசுகளுக்கெல்லாம் அதுதான் அளவு.

நீங்கள் போட்ட படங்களைப் பார்த்து நான் பிரித்தது இப்படி. ஐந்து காசு சியன்லொங், 1736 முதல் 1795 வரை ஆண்ட சிங் பேரரசர். இரண்டு தாவ்குவாங், 1821 முதல் 1850 வரை. மூன்று காசு சீனாவே இல்லை. ஜப்பானின் கான்எய் ட்சூஹோ, 1636-இல் தொடங்கி இருநூறு வருடத்துக்கு மேல் வார்த்தது. "டூப்ளிகேட்" என்று சொன்ன கடைக்காரர் ஒருவேளை இவற்றைச் சீனப் பட்டியலில் தேடிக் காணாமல் அப்படிச் சொல்லியிருக்கலாம். இரண்டு சொங் காலத்தவை. ஒன்றில் பன்னிரண்டு விலங்கு உருவம் இருக்கிறது, அது காசே அல்ல, தாயத்து மாதிரி வைத்துக்கொள்வது. கடைசியாக ஒன்றில் களிம்பு மண்டி எழுத்து தெரியவில்லை.

அந்த ஐந்து சியன்லொங்கில் மூன்று சிவப்பு நூலில் கோத்து, பளபளவென்று மஞ்சளாக இருக்கின்றன. அவை தாத்தா கொண்டுவந்தவை அல்ல என்று தைரியமாகச் சொல்கிறேன். வாஸ்து, ஃபெங் ஷுயி சாமான் விற்கும் கடைகளில் பர்ஸில் வைக்கவும் கல்லாவில் மாட்டவும் தரும் நூல் காசு அது. உங்கள் வீட்டில் யாரோ வாங்கி, ராசி தீர்ந்ததும் "சீனக் காசு சீனக் காசோடு இருக்கட்டும்" என்று டப்பாவில் போட்டிருக்கிறார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், "தாத்தா டப்பா" என்ற நம்பிக்கை டப்பாவில் இருக்கும் ஒவ்வொரு காசுக்கும் சாட்சி ஆகாது. டப்பா என்பது எழுபது வருடமாகத் திறந்துகிடந்த வீடு, யார் வேண்டுமானாலும் உள்ளே வந்திருக்கலாம்.

இனி அசல் பற்றி. எனக்குச் சந்தேகமே இல்லாத ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: சாதாரண ஓட்டைக் காசு அசலாக இருப்பதுதான் இயல்பு. சொங் பேரரசு யுவான்ஃபெங் காலத்தில், அதாவது 1078 முதல் 1085 வரை, ஆண்டுக்கு ஐம்பது லட்சம் சரம் வெண்கலக் காசு வார்த்தது. சரத்துக்கு ஆயிரம் என்றால் ஒரே வருடத்தில் 500 கோடிக் காசு. 1323-இல் ஜப்பானுக்குப் போகும் வழியில் கொரியக் கரையோரம், சினான் அருகே மூழ்கிய ஒரே ஒரு கப்பலிலிருந்து 28 டன் காசு எடுத்தார்கள். இவ்வளவு இருக்கும்போது, சில நூறு ரூபாய்க்குள் அசலே கிடைக்கும் ஒரு காசைப் போலியாக வார்ப்பவன் பிழைக்க முடியாது. ஃபெங் ஷுயி காசு கதை வேறு, அது யாரையும் ஏமாற்ற வார்த்ததல்ல, பொம்மை. ஆக, உங்கள் பட்டியலில் காசு எவ்வளவு அரிதோ அவ்வளவு சந்தேகப்பட வேண்டும். 1861-இல் ஷியன்ஃபெங் பேரரசர் இறந்ததும் "சிஷியாங்" என்று ஓர் ஆட்சிப் பெயர் வைத்தார்கள். சில மாதத்தில் அரண்மனைக்குள் ஆட்சி கவிழ்ந்து, பெயரையே தொங்ஜி என்று மாற்றிவிட்டார்கள். அந்தப் பெயர் பொறித்த அசல் காசு கைவிரல் விட்டு எண்ணும்படிதான் மிஞ்சியது. ஆனால் இணையத்தில் தேடிப் பாருங்கள், வாரத்துக்கு நாலு விற்பனைக்கு வரும். 1126-இல் தொடங்கி ஒரு வருடமே இருந்த ஜிங்காங் காசும் இதே கதை.

இந்த ஓட்டைக் காசுகள் அடித்தவை அல்ல, வார்த்தவை. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். "தாய்க் காசு" என்று துல்லியமாகச் செய்த ஒரு மாதிரியை மண் பெட்டியில் அழுத்தி அச்சு எடுப்பார்கள். உருக்கின உலோகத்தை நடு வாய்க்காலில் ஊற்றினால் கிளை கிளையாக ஓடி, குளிர்ந்து வெளியே எடுக்கும்போது காசு காய்த்த மரம்போல் வரும். அதிலிருந்து ஒவ்வொன்றாக ஒடித்து, சதுரக் கம்பியில் கோத்து, காசு சுழலாமல் இறுக்கி, விளிம்பை அரத்தால் ராவுவார்கள். ஓட்டை சதுரமாக இருப்பதற்கு வானம் வட்டம், பூமி சதுரம் என்ற தத்துவ விளக்கம் உண்டு. பட்டறையில் நின்றவனுக்கு அரம் போட வசதி என்பதே போதுமான காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இதனால் என்ன ஆகிறது? இணையத்தில் "பூதக்கண்ணாடியில் பார், பொடிப்பொடியாகக் குழி இருந்தால் போலி" என்று ஓர் அறிவுரை உலவுகிறது. அது அடித்த நாணயத்துக்குச் சொன்னது. உங்கள் வெள்ளிக்குப் பொருந்தும், ஓட்டைக் காசுக்குப் பொருந்தாது. மண் அச்சில் வார்த்த காசில் குழி இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். ஓட்டைக் காசில் நான் தேடுவது எழுத்தின் கோடு எப்படி எழுகிறது என்பதை. அசலில் கோட்டின் பக்கவாட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒரு தெளிவு இருக்கும், தேய்ந்த காசிலும் அது மிஞ்சும். அசல் காசையே அச்சில் அழுத்தி நகல் எடுத்தால் எழுத்து நீரில் ஊறிய பிஸ்கட்போல் விளிம்பு மழுங்கி, தரையோடு வழிந்து கிடக்கும். உலோகம் குளிரும்போது சுருங்குவதால் நகல் அசலைவிடக் கொஞ்சம் சிறியதாகவும் இருக்கும். 24 மில்லிமீட்டர் காசு 23.5-க்கு வந்துவிடும். அதனால் அளவு பார்க்க ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்குங்கள்.

ஆனால் இங்கேதான் உறுதி முடிந்து சந்தேகம் தொடங்குகிறது. சிறியதாக, மழுங்கலாக இருக்கிறது என்பதால் அது நேற்று வார்த்தது என்று ஆகாது. அந்தக் காலத்திலேயே திருட்டுப் பட்டறைகள் அரசுக் காசை நகலெடுத்துக்கொண்டிருந்தன. ஜப்பானில் 1659 முதல் நாகசாகியில் வெளிநாட்டு வியாபாரத்துக்கென்றே யுவான்ஃபெங் என்ற சொங் பெயரைப் போட்டுக் காசு வார்த்தார்கள். வியட்நாமில் மெல்லிசாக, லேசாகச் சொங் பெயரில் ஏராளம் வந்தது. இவையெல்லாம் சீன அரசின் காசு அல்ல. அதற்காகப் போலி என்று குப்பையில் போடவும் முடியாது. பல தலைமுறை கைமாறிய பணம் அவை, தனியாகச் சேர்ப்பவர்களே உண்டு. உங்கள் இரண்டு சொங் காசில் யுவான்ஃபெங் ஒன்று. பத்திரிகைத் தாள் கனம்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது வியட்நாம் பக்கம் வார்த்ததாக இருக்கலாம் என்று ஐயப்படுகிறேன். எடை பார்த்துச் சொல்லுங்கள். இரண்டு கிராமுக்குக் கீழே என்றால் என் ஐயம் பலப்படும், மூன்றரையைத் தாண்டினால் கைவிடுவேன்.

பொதுவாக எடையை ஓட்டைக் காசில் நான் பெரிய சாட்சியாக எடுப்பதில்லை. ஒரே பட்டறையில் ஒரே வருடம் வார்த்த இரண்டு அசல் காசுக்கு நடுவே ஒரு கிராம் வித்தியாசம் சகஜம். உலோகம் அப்படியல்ல, கொஞ்சம் கூடுதலாகப் பேசும். மிங் வம்சத்தின் ஜியாஜிங் காலம், அதாவது 16-ஆம் நூற்றாண்டு வரை சீனக் காசு என்றால் வெண்கலம்: செம்பு, வெள்ளீயம், ஈயம். அதற்குப் பிறகுதான் துத்தநாகம் கலந்த பித்தளை வழக்கத்துக்கு வந்தது. சொங் காசு என்று சொல்லி ஒருவர் கொடுத்தது பித்தளை என்று தெரிந்தால் அதற்குமேல் வாதமே வேண்டாம். தங்க நகைக்குக் காரட் பார்க்கும் எக்ஸ்ரே இயந்திரம் இப்போது சின்ன ஊர்களிலும் இருக்கிறது. அதில் வைத்தால் துத்தநாகம் எத்தனை விழுக்காடு என்று காட்டிவிடும். ஆனால் அந்த இயந்திரம் மேல்தோலை மட்டுமே பார்க்கும். மண்ணில் கிடந்த காசின் மேல்தோல் உள் உலோகம் மாதிரி இருக்காது, எனவே ஈயமும் வெள்ளீயமும் காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு வேண்டுகோள்: ஆசாரி உரைகல்லை எடுத்தால் காசைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

களிம்புக்கு வருவோம். என் முதல் நாலு வருடத்தில் நான் செய்த பாவம் இங்கேதான். ஒரு டஜன் வடசொங் காசை (சொங் வம்சத்தின் முற்பகுதி), குத்துவிளக்குக்குச் செய்வதுபோல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தகதகவென்று ஆக்கினேன். என்னிடமிருந்து வாங்கவிருந்த பினாங்கு முதியவர் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை, காசை என் பக்கமாகவே நகர்த்தி வைத்தார். களிம்புதான் காசின் ஜாதகம். உண்மையான களிம்பு உலோகத்திலிருந்தே முளைத்தது. அடியில் செம்மண் நிறத்தில் ஒரு படலம், அதன்மேல் பச்சை, சில இடத்தில் நீலம் என்று அடுக்காக இருக்கும், நகத்தால் சுரண்டினால் வராது. பொய்க் களிம்பு மேலே பூசினது. பசையில் பச்சைத் தூள் குழைத்துப் பூசியிருந்தால் அசிட்டோனில் ஒரு ராத்திரி போட்டுவைத்தால் கரைந்து வந்துவிடும். அசிட்டோன் உலோகத்தை ஒன்றும் செய்யாது. அமிலத்தில் ஊறவைத்து உண்டாக்கிய களிம்பு கரையாது, அது ஒரே நிறமாக, குழியிலும் மேட்டிலும் ஒரே கனமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையில் எடுத்துப் புழங்கிய காசில் மேடு தேய்ந்து பள்ளத்தில் மட்டும் களிம்பு மிஞ்சுவதுதான் முறை.

எழுத்து தெரியாத அந்தப் பதினான்காவது காசைத் தயவுசெய்து தேய்க்காதீர்கள். வெளிர்ப் பச்சையில் மாவுபோல் உதிர்கிறதா என்று மட்டும் பாருங்கள். உதிர்ந்தால் அது உப்பால் வரும் அரிப்பு, மற்றக் காசையும் தொற்றலாம், தனியாக உலர்ந்த டப்பாவில் வையுங்கள். உதிராவிட்டால் காய்ச்சி வடித்த நீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டுத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள், பொறுமையாக எழுத்து வரும்.

சத்தம், வாசனை என்று இரண்டு பரிசோதனை சொல்வார்கள். பழைய காசைக் கல்லில் போட்டால் மந்தமாகச் சத்தம் வரும், புதுசு கணீரென்று ஒலிக்கும் என்பது ஒன்று. ஓரளவு உண்மைதான், ஆனால் நன்றாகப் பாதுகாத்த அசலும் கணீரென்று ஒலிக்கிறது. அதைவிட, உள்ளே அரித்துப்போன ஆயிரம் வருடக் காசைக் கீழே போட்டால் மண் ஓடுபோல் இரண்டாக உடைந்துவிடும். சத்தம் கேட்டு என்ன பயன்? வாசனை பார்ப்பவர்கள் சாமியாடிபோலப் பேசுகிறார்கள். எனக்கு அந்த வரம் இல்லை.

சிங் காலக் காசுக்குப் பின்புறம் ஒரு துணை உண்டு. ஓட்டையின் இருபக்கமும் மேலிருந்து கீழாகப் புழு நெளிந்ததுபோல் தெரிவது சிங் அரச குலத்தின் மொழியான மஞ்சுவின் எழுத்து. இடப்பக்கம் "போ", அதாவது அதே பாவ், வலப்பக்கம் எந்தப் பட்டறை என்ற பெயர். உங்களுடைய நூலில் கோக்காத இரண்டு சியன்லொங்கில் ஒன்று பெய்ஜிங் நிதித் துறைப் பட்டறைக் காசு. இன்னொன்று செம்பு நிறமாக, தடிமனாக இருக்கிறது. பின்புறம் தெளிவாகப் படம் வேண்டும். ஷின்ஜியாங் பகுதியில் தாமிரம் மட்டும் போட்டு வார்த்த "சிவப்புக் காசு" என்று ஒரு வகை உண்டு. அங்கே சியன்லொங் பேரரசரின் காலத்துக்குப் பிறகும், அவர் அந்த மண்ணை வென்றவர் என்ற மரியாதையில், அவர் பெயரிலேயே ஒரு பங்கு காசு வார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் பெயர் சியன்லொங் என்பதாலேயே 1795-க்கு முந்தியது என்று சொல்லிவிட முடியாது. இதைத்தான் முதலிலேயே "இது என்ன" என்று கேட்கச் சொன்னேன்.

சொங் காசைப் பார்த்ததும், சோழர்கள் சீனாவுக்குத் தூது அனுப்பினார்களே, இது அந்தக் காசா என்று கேட்டிருக்கிறீர்கள். அழகான கேள்வி. உங்களிடம் இருக்கும் இன்னொரு சொங் காசு ஷினிங் யுவான்பாவ், 1068 முதல் 1077 வரையான ஆட்சிப் பெயர். அதே 1077-இல், முதலாம் குலோத்துங்கன் காலத்தில், சோழத் தூதுக் குழு சீன அரசவைக்குப் போனது. 81,800 சரம் செப்புக் காசு பரிசாகப் பெற்றது என்று சீனப் பதிவு சொல்கிறது. தஞ்சைப் பகுதியில் தாலிக்கோட்டை, விக்கிரமம், ஒலயக்குன்னம் ஆகிய ஊர்களில் சீனக் காசுப் புதையல் கிடைத்திருக்கிறது, பெரும்பகுதி வடசொங் காலத்தவை. ஆக, உங்கள் காசின் உடன்பிறப்பு சோழ நாட்டு மண்ணில் கிடந்தது உண்மை. உங்கள் காசு அப்படி வந்தது என்று சொல்ல ஓர் ஆதாரமும் இல்லை. சொங் காசு வார்த்த பின் பல நூற்றாண்டு சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் புழங்கியது. காசில் எழுதியிருப்பது பிறந்த தேதி மட்டும்தான், பயணக் குறிப்பு அல்ல. பினாங்கு வழியாக வந்த காசுக்குச் சோழர் கதையைச் சேர்த்து யாராவது விலை ஏற்றினால் சிரித்துவிட்டு நகருங்கள். அதேபோல், மண்ணைத் தோண்டும்போது புதையலாகக் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குச் சொல்ல வேண்டும். டப்பாவில் வந்ததற்கு அது பொருந்தாது.

இனி வெள்ளி. லட்சம் பேசியவர் பார்த்தது இதைத்தான். ஒட்ட வெட்டிய தலைமுடியோடு மீசை வைத்து, தோளில் பட்டை தொங்க, பக்கவாட்டில் பார்க்கும் அந்தக் குண்டு மனிதர் யுவான் ஷிகாய், சீனக் குடியரசின் முதல் காலத்து அதிபர். சேர்ப்பவர்கள் இதை "குண்டுத் தலை" என்றுதான் கூப்பிடுவார்கள். 1914-இல் தொடங்கியது, குடியரசு ஆண்டுக் கணக்கில் மூன்றாம் வருடம், பிறகு எட்டு, ஒன்பது, பத்தாம் வருடங்கள். உங்களுடையதில் தலைக்கு மேல் ஆறு எழுத்து இருக்கிறது, எனவே மூன்றாம் வருடம். மற்ற வருடங்களில் "செய்தது" என்ற எழுத்தும் சேர்ந்து ஏழு இருக்கும். ஆறு எழுத்தைப் போட்டு எட்டாம் வருடம் என்று காட்டினால் வேறு பரிசோதனையே தேவையில்லை. மூன்றாம் வருடத்தது கோடிக்கணக்கில் அடித்தது. 1950-களில்கூடத் திபெத்தில் செலவழிக்க அதே வருடத்தைப் போட்டே மறுபடி அடித்தார்கள். லட்சம் போவது இதன் அபூர்வ வகைகள். தியன்ஜின் அக்கசாலையில் இருந்த இத்தாலியர் லூய்ஜி ஜியோர்ஜியின் கையெழுத்து பொறித்த மாதிரி நாணயம் அப்படி ஒன்று. உங்கள் படத்தில் கையெழுத்து இல்லை. இருந்திருந்தால் இன்னும் அதிகம் பயந்திருப்பேன்.

நீங்கள் நகைக்கடையில் நிறுத்தது 26.6 கிராம். இருக்க வேண்டியது 26.7-க்குப் பக்கம், தேய்மானம் கழித்தால் உங்கள் எடை சரி. அகலம் 39 மில்லிமீட்டர் சுமார் இருக்க வேண்டும். இவை இரண்டும் சரி என்பதால் அசல் என்று ஆகாது, முதல் கதவு திறந்தது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது அடர்த்தி. இதை வீட்டிலேயே செய்யலாம். 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண் நாணயம் ஒதுக்கிய தண்ணீரின் எடை. 26.6-ஐ அதனால் வகுத்தால் அடர்த்தி. 89 விழுக்காடு வெள்ளி, மீதி செம்பு என்றால் 10.3 வர வேண்டும், அதாவது தராசு 2.58 பக்கம் காட்டும். பித்தளையிலோ ஜெர்மன் சில்வரிலோ செய்து முலாம் பூசியிருந்தால் 3.1 தொடும். அந்த உலோகங்கள் லேசானவை, எடையைச் சரிக்கட்ட வேண்டுமானால் நாணயத்தைத் தடியாக்கியாக வேண்டும். காந்தம் ஒட்டினால் போலி என்பது உறுதி, ஒட்டாவிட்டால் எதுவும் உறுதி இல்லை.

பிறகு விளிம்பைப் பாருங்கள். இது அச்சில் வைத்து அடித்த நாணயம், எனவே பற்கள் ஒரே சீராக ஓட வேண்டும். விளிம்பைச் சுற்றி மெல்லிய ஒரு தையல் கோடு ஓடினால், இரண்டு பாதி அச்சில் வார்த்தது. குழி அறிவுரை இங்கேதான் செல்லும்: பூதக்கண்ணாடியில் முகத்தின் தரையில் ஊசி குத்தியதுபோல் குழிகள் தெரிந்தால் வார்ப்பு. தலைமுடிக் கோடு, சட்டைக் காலர், பின்புறக் கதிர்க்கொத்தின் நரம்பு, இவற்றைச் சான்று பெற்ற நாணயத்தின் பெரிய படத்தோடு இடம் இடமாக ஒப்பிடுங்கள். கடினமான செய்தியும் சொல்லிவிடுகிறேன்: சரியான வெள்ளியிலேயே, கணினி வெட்டிய அச்சில் அடித்த போலி இப்போது வருகிறது. அது எடை, அடர்த்தி எல்லாவற்றையும் தாண்டிவிடும். அச்சின் நுணுக்கத்தில் மட்டும்தான் மாட்டும். அதைப் படத்தில் பார்த்து என்னால் சொல்ல முடியாது, நேரில் பார்த்தாலும் எல்லாச் சமயமும் முடியாது. அங்கே பிசிஜிஎஸ், என்ஜிசி மாதிரி சான்று நிறுவனத்துக்கு அனுப்புவதுதான் வழி. சோதித்த நாணயத்தை அவர்கள் அடைத்துத் தரும் பெட்டியையே போலிக்காரர்கள் நகலெடுப்பதும் உண்டு. பெட்டியில் இருக்கும் எண்ணை அவர்கள் தளத்தில் போட்டு, அங்கே வரும் படமும் கையில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். உங்கள் நாணயம் சாதாரண வகை என்பதால் சான்றுக் கட்டணமும் தபாலும் அதன் விலையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அடர்த்தி சரியாக வந்தால் நான் அதோடு நிறுத்திக்கொள்வேன்.

உங்கள் வெள்ளியில் காதுக்குக் கீழே சின்ன முத்திரை குத்தியிருப்பதைக் கீறல் என்று வருந்தியிருக்கிறீர்கள். அது கீறல் அல்ல. சீனத் துறைமுகங்களில் வெள்ளியைச் சோதித்துப் பார்த்தவர்கள், இது நல்லது என்று தங்கள் அடையாளத்தைக் குத்துவது வழக்கம். அப்படிச் சோதிப்பவரை அங்கே "ஷ்ராஃப்" என்பார்கள். நம் ஊர்ப் பழைய ஆவணத்தில் வரும் "சராபு" அதே சொல்தான், அரபியில் பிறந்து இந்தியா வழியாகச் சீனக் கரைக்குப் போனது. ஹாங்காங்கில் பணம் கட்டும் கவுன்ட்டரில் இன்றும் அந்தப் பெயர்ப் பலகை தொங்கும். முத்திரையையும் போலியாகக் குத்தலாம் என்பதால் அதைச் சான்றாக எடுக்கவில்லை. ஆனால் அதை மெருகேற்றி அழிக்கச் சொல்லும் ஆசாரியிடம் கொடுத்துவிடாதீர்கள்.

விற்பதாக முடிவு செய்தால் ஒன்று நினைவிருக்கட்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. "சிங்கப்பூருக்கு கூரியர் பண்ணுங்க, நல்ல விலை தர்றேன்" என்று வரும் வாட்ஸப் செய்திக்குப் பதில் போட வேண்டாம். உள்ளூர் நாணயக் கழகக் கூட்டத்துக்கு எடுத்துப் போய் நாலு பேரிடம் காட்டுங்கள், யாரிடமும் அன்றே விற்காதீர்கள்.

கத்தியைப் பற்றி. கைப்பிடி முனையில் வளையம், உடம்பில் கண் மாதிரி ஓர் எழுத்து இருக்கும் இந்த உருவம் சீனா பல நாடுகளாகப் பிரிந்து போரிட்ட பழங்காலத்தின் யான் நாட்டுக் கத்திக் காசை ஒத்திருக்கிறது. அசல் மலிவாகவே கிடைத்த வகை இது, ஆனால் சுற்றுலாக் கடை நகலும் அதே அளவு மலிந்தது. படத்தில் களிம்பு ஒரே பச்சையாகத் தெரிகிறது, எனக்கு அது பிடிக்கவில்லை. அசிட்டோனில் ஒரு ராத்திரி போட்டு, காலையில் அசிட்டோனின் நிறத்தைச் சொல்லுங்கள். கூடவே யுவான்ஃபெங்கின் எடை, வெள்ளிக்குத் தராசு காட்டிய எண், செம்பு நிறச் சியன்லொங்கின் பின்புறம், இந்த மூன்றையும் இங்கேயே போடுங்கள். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து எடுத்தால் போதும்.